கடை மூடிய காலம்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேச்சில் கலக்கும் குப்பத்துச் சீமையிலே, ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயில்பாதையில் அமைந்த குடுபல்லி இன்று ஆந்திரத்தைச் சேர்ந்ததெனினும், சித்தூர் ஜில்லா 1953 வரையில் சென்னையோடு இருந்தமையால், இராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு மறு ஆண்டே இந்த ஜில்லாவுக்கும் வந்தது. கள்ளுக்கடை மூடினால் கூலிக்காசு வீடு சேரும், மனைவியின் முதுகும் தப்பும் என்பது அக்காலத்துச் சீர்திருத்தவாதிகளின் திடமான நம்பிக்கை. நெல்லூர் ஜில்லா தூபகுண்டாவில் எழுத்தறிவு இயக்க வகுப்பில் படித்த பெண்கள் 1992 வாக்கில் சாராயத்தை எதிர்த்து எழுந்ததும் அதே நம்பிக்கையால்தான். 1995-இல் என்.டி.ராமராவ் கொண்டுவந்த பூரண மதுவிலக்கை 1997-இல் தளர்த்தியவர், குடுபல்லி அடங்கிய குப்பம் தொகுதியின் பிரதிநிதியான சந்திரபாபு நாயுடு என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

அந்த நம்பிக்கைக்கு ஒருவரும் திட்டமிடாத பரீட்சை 2020-இல் வந்தது. கொரோனா ஊரடங்கால் மார்ச் 25 முதல் நாடெங்கும் மதுக்கடைகள் அடைபட்டன. ஆயினும், தேசிய மகளிர் ஆணையத்துக்கு மார்ச் 2 முதல் 8 வரை 30 ஆக இருந்த வீட்டு வன்முறைப் புகார்கள், மார்ச் 23 முதல் ஏப்ரல் 1 வரை 69 ஆயின. நாட்கணக்கில் மூன்று கூடுதல் என்று தள்ளிக் கழித்தாலும் ஏற்றம் ஏற்றந்தான். கள்ளச்சாராயம் அறவே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. ஆனால் அடிக்கிற கைக்குக் குடி ஒரு சாக்கே அன்றிக் காரணமன்று என்பது எனக்கு அப்போது துலங்கியது.

உண்மையில் அடைபட்டது வேறொரு வழி. அடி பொறுக்காதவள் இரண்டு புடவையை மூட்டை கட்டி, கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கி, பாசஞ்சர் வண்டியேறிப் பிறந்த வீடு போய்ச் சேர்வதும், பத்து நாள் கழித்து அண்ணனோ மாமனோ வந்து பஞ்சாயத்துப் பேசுவதும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத பழைய பரிகாரம். எல்லையோரத்தில் பிறந்த வீடு பெரும்பாலும் அடுத்த ராஜ்யத்தில். வண்டி நின்றது, எல்லையில் போலீஸ் நின்றது. 2005-ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் புகுந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தந்திருந்தது. அவளுக்கு அன்று வேண்டியிருந்ததோ, அந்த வீட்டை விட்டு வெளியேற ஒரு வழி. ஏப்ரல் 10-ஆம் தேதி ஆணையம் வாட்ஸப் எண் ஒன்றை அறிவித்தது. கைப்பேசியோ பல வீடுகளில் ஒன்றே, அதுவும் கணவனின் சட்டைப்பையில்.

மே 4-ஆம் தேதி ஆந்திரத்தில் மதுக்கடைகள் திறந்தன. குடுபல்லியில் நிற்கும் பாசஞ்சர் வண்டி அன்றும் ஓடவில்லை.