மின்சாரம் வந்தும் போகாத கல்

சுனாபட்டி, செம்பூர், தாராவி என மும்பைத் தமிழர் வாழும் பகுதிகளில் வீடுகள் பெரும்பாலும் சிறியவை. இடத்தை மட்டும் கணக்கிட்டால் சமையலறைக்கு மிக்ஸி ஒன்றே போதும். அது இந்த நகரத்தோடு தொடர்புள்ள கருவியும்கூட. மனைவி மாதுரியின் ஜெர்மன் மிக்ஸி எரிந்துபோனதால், நம் ஊர் அரைப்பைத் தாங்கும் மிக்ஸியை உருவாக்கி, 1963இல் சுமீத் என்ற பெயரில் கொண்டுவந்தார் மும்பைப் பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர். சட்னியும் மசாலாவும் மிக்ஸிக்கு மாறின. அம்மி மூலைக்குப் போனது. இட்லி மாவு மட்டும் பல வீடுகளில் கல்லை விடவில்லை. ஒரு கருவி நீடிப்பதில் வேகத்துக்கும் விலைக்கும் உள்ள பங்கு, மனத்தின் நம்பிக்கைக்கும் உண்டு.

கிரைண்டரின் வரலாறே இதற்குச் சான்று. 1955இல் கோவையில் பி. சபாபதி மாவரைக்கும் இயந்திரம் செய்தபோது, ஆட்டுபவரின் கைக்குப் பதிலாக மோட்டார் வந்தது. கல் அப்படியே இருந்தது. கல்லில் ஆட்டினால்தான் மாவு என்ற எண்ணத்தை ஒதுக்கிவிட்டு இயந்திரம் செய்திருந்தால் வாங்க ஆள் இருந்திருக்காது. 2011இல் தமிழக அரசு விலையில்லாப் பொருள்கள் வழங்கியபோதும் மிக்ஸி, கிரைண்டர் இரண்டையும் கொடுத்தது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று யாரும் கருதவில்லை.

இது நம்பிக்கையே அல்ல, வெறும் இயற்பியல் என்று சிலர் சொல்வார்கள். மிக்ஸியின் பிளேடு அதிவேகமாகச் சுழன்று மாவைச் சூடாக்கும். கல் மெதுவாக நசுக்கி உளுந்தில் காற்றை ஏற்றும். உண்மைதான். ஆனால் இந்த விளக்கம் தெரிவதற்கு முன்பே, அரைத்த உளுந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, மிதக்கிறதா என்று பார்த்துப் பதம் அறிந்தார்கள் நம் வீட்டுப் பெண்கள். அந்த அனுபவம்தான் நம்பிக்கையாக இறுகியது. ஐஸ் தண்ணீர் ஊற்றி மிக்ஸியில் அரைத்தாலும் நல்ல இட்லி வரும் என்று தெரிந்தவர்களும் கிரைண்டரை வைத்திருக்கிறார்கள் என்றால், அங்கே இயற்பியலைத் தாண்டிய பிடிப்பு இருக்கிறது.

பழமைப் பிடிப்பு பெண்களின் உழைப்பைத்தானே சுரண்டியது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. குழவியைச் சுற்றியே தோள் தேய்ந்த தலைமுறைகளை மறக்கக் கூடாது. ஆனால் அந்தப் பெண்கள் கையால் ஆட்டும் ஆட்டுக்கல்லுக்காக அழவில்லை. மோட்டார் வந்ததும் ஆட்டுக்கல்லைத் தயங்காமல் கொல்லைக்கு அனுப்பினார்கள். பாரம் எது, பக்குவம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புதிய கருவி செய்பவர்கள் முதலில் கேட்டறிய வேண்டியது அந்தத் தீர்ப்பைத்தான்.