தோட்டப்புறத்தில் திரை: சுற்றுச்சூழல் திரைப்பட விழாக்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மலேசியாவில் சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக்குத் திரைப்பட விழாவைக் கருவியாகக் கொள்ளும் முயற்சிகளுள் 2008ஆம் ஆண்டு தொடங்கிய கோலாலம்பூர் சுற்றுச்சூழல் திரைப்பட விழா குறிப்பிடத்தக்கது. அது தலைநகரை மையமாகக் கொண்டது. கெடா மாநிலத்தின் கோலமூடா மாவட்டத்திலுள்ள சிடாம் கிரி போன்ற தோட்டப்புறங்களில் இத்தகைய விழா மக்களைச் செயலுக்குத் தூண்ட வேண்டுமாயின் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தோட்டப்புறத்திற்குத் திரை புதியதன்று. 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் நடமாடும் திரைப்பட வண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்றன. தமிழ் வருணனையுடனும் படங்கள் காட்டப்பட்டன. அரசு சொல்ல விரும்பியதை மக்கள் திடலில் அமர்ந்து பார்த்தனர். மக்கள் சொல்ல விரும்பியதற்கு அத்திரையில் இடமில்லை.

அவர்களிடம் சொல்வதற்குச் செய்தி இல்லாமலில்லை. சுங்கைப் பட்டாணியில் பிறந்த ஐரீன் பெர்னாண்டஸ் 1991இல் தெனாகானித்தா அமைப்பைத் தோற்றுவித்தார். தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலம் பற்றி அவ்வமைப்பு பங்கேற்ற ஆய்வு 2002இல் வெளிவந்தது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு அவ்வாண்டு அறிவிக்கப்பட்ட தடை 2006இல் தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020 சனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்நெடிய போராட்டத்தில் தொழிலாளர் பட்ட துன்பமே முதன்மைச் சான்றாக நின்றது.

பாதிக்கப்பட்டோரையே பேசவைக்கும் திரை மரபுக்குத் தமிழகம் எடுத்துக்காட்டாகிறது. ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதன் மறுபக்கம் அமைப்பின் வழியாக 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வந்துள்ளார். மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய ஊர்களின் கதிரியக்கச் சிக்கல்களை அவருடைய படங்கள் அவ்வூர் மக்களின் வாய்மொழியாகவே பதிவு செய்தன. அங்குத் திரையிடலோடு கலந்துரையாடலும் இணைந்தே நிகழ்கிறது.

2018இல் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்தபின், மலேசியாவுக்கு வந்து குவிந்த கழிவு எரிக்கப்பட்டதை எதிர்த்துச் சுங்கைப் பட்டாணி மக்கள் குரல் எழுப்பினர். கேடு வாசலுக்கே வந்துவிட்ட நிலையில், விழாவும் அவ்வாசலுக்கே வருதல் வேண்டும். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு படம் காட்டி, முன்னாள் தொழிலாளரையும் மாணவரையும் அதனைப் பற்றித் தமிழில் பேசவைப்பது தமிழாசிரியர்க்கு இயலாத செயலன்று. வண்டியில் வந்த திரை மக்களைப் பார்வையாளராக்கியது; இனி அமையும் விழா அவர்களைச் சான்றாளராக்குமாயின், அதுவே செயலுக்கு முதற்படி என்பது நம் துணிபு.