மெழுகும் சாயமும் வாங்கிக் கொடுத்த நிலம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் உள்ள இஞ்சம்பாக்கம் இன்று மனை விலைக்காகப் பேசப்படும் ஊர். 1966-இல் அங்கே மணல் நிலத்தை வாங்கிக் குடியேறப் புறப்பட்டவர்கள், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இளைஞர்களும் அவர்களுடைய முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரும். அப்படி எழுந்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தின் கதையைப் பணிக்கர் என்ற தனிமனிதரின் கனவாகச் சொல்வதே வழக்கம். அது பாதிதான் உண்மை. கனவு கண்ட ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள்; அவர்களுடைய மாணவர்கள் ஓவிய வாத்தியார்களாகவோ சினிமா விளம்பரம் எழுதுகிறவர்களாகவோ கலைந்து போனார்கள். இங்கே கலையாமல் நின்றதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம்: கைத்தொழிலில் வந்த காசு, சக ஓவியன்மேல் வைத்த மதிப்பு. படம் வாங்க ஆளில்லாத ஊரில் ஓவியன் யாரிடமும் கைகட்டி நிற்காமல் தன் படத்தை வரைய, இவை இரண்டும் சேர்ந்தே வேண்டியிருந்தன.

அன்றைய மெட்ராஸின் நிலைமையைப் பம்பாயோடு ஒப்பிட்டால் இது விளங்கும். பம்பாயில் 1947-இல் சூசா, ரஸா, ஹுசைன் முதலானோர் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கியபோது, ஐரோப்பாவிலிருந்து வந்து தங்கிவிட்ட லாங்ஹாமர், வான் லைடன், ஷ்லெசிங்கர் ஆகியோர் அவர்களுக்குத் துணையாக இருந்தார்கள். படங்களைப் பார்த்துப் பேசினார்கள், எழுதினார்கள், வாங்கினார்கள். ஹோமி பாபாவின் ஆராய்ச்சி நிறுவனமும் படங்களை வாங்கிச் சுவரில் மாட்டியது. மெட்ராஸில் முற்போக்கு ஓவியர் சங்கம் அதற்கு மூன்றாண்டு முன்பே, 1944-இல், பணிக்கரின் முயற்சியால் தொடங்கிவிட்டது. ஆனால் அதற்கு அப்படி ஒரு துணை வாய்க்கவில்லை. கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் சபா வைத்துக் கொண்டாடிய இந்த ஊர், ஓவியத்துக்கு வீட்டில் காலண்டர் மாட்டும் ஆணி ஒன்றைத்தான் ஒதுக்கியிருந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியே கைவினைத் தொழில்களைப் பயிற்றும் நோக்கோடு எழுந்தது. 1929-இல் அதற்குத் தலைமையேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் ஓவியத்தையும் சிற்பத்தையும் அங்கே முன்னுக்குக் கொண்டுவந்தார். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அதைக் கடந்து போகாத சென்னைக்காரர் இல்லை. செய்தவர் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

வெளியிலிருந்து பார்வையாளர் வராதபோது ஓவியர்கள் ஒருவருக்கொருவர் பார்வையாளர் ஆனார்கள். 1957-இல் முதல்வரான பணிக்கர், 1961 முதல் சங்கத்தின் சார்பில் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற சிறு இதழைக் கொண்டுவந்தார். செய்தித்தாள்கள் ஓவியக் கண்காட்சியை ஒரு சமூக நிகழ்ச்சியாக மட்டும் பதிவு செய்த காலத்தில், சமகால ஓவியம் என்ன செய்கிறது என்பதை ஓவியர்களே எழுதிப் படிக்க ஓர் இடம் கிடைத்தது. இப்படி அவர்கள் ஒருவருக்கொருவர் தந்த மதிப்பை நட்பின் உபசாரமாக நான் எண்ணவில்லை. சந்தை ஒரு படத்துக்கு விலை சொல்ல மறுக்கும்போது, அது நல்ல படமா என்று சொல்ல வேறொருவர் வேண்டும். அந்த வேலையை இவர்கள் தங்களுக்குள் செய்துகொண்டார்கள்.

ஆனால் மதிப்பு மட்டும் அரிசி வாங்கித் தராது. சிலர் நெசவாளர் சேவை மையத்தில் வேலைக்குப் போனார்கள். ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் அப்படிப் போனவர்கள். மற்றவர்கள் கைவினைக் கலைஞர் சங்கம் ஒன்றை அமைத்து பாத்திக் துணி செய்யத் தொடங்கினார்கள். துணியில் சாயம் ஏறக்கூடாத இடத்தை உருக்கிய மெழுகால் மூடி, சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை நீக்கும் வேலை அது. நிறத்துக்கு நிறம் திரும்பச் செய்ய வேண்டும். படம் வாங்காத அதே நகரம் பாத்திக்கை வாங்கியது. அந்தப் பணத்தில்தான் நிலம் வந்தது. அரசு மானியத்தில் எழுந்திருந்தால் கூடவே ஓர் அதிகாரியும் வந்திருப்பார். புரவலர் கொடுத்திருந்தால் அவருடைய ரசனையும் வந்திருக்கும். மெழுகுக்கும் சாயத்துக்கும் ரசனை கிடையாது என்பது இங்கே பெரிய வசதி.

கைவினை ஓவியனின் நேரத்தைத் தின்றது, துணி விற்ற கை படத்தையும் அலங்காரமாக்கிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. மெட்ராஸ் ஓவியத்தில் கோடும் அலங்காரமும் மிகுதி என்ற குற்றச்சாட்டு அந்த நாளிலிருந்தே இருக்கிறது. நேரம் பற்றிய பேச்சில் நியாயம் இருக்கலாம். அலங்காரம் பற்றியதை நான் ஏற்கவில்லை. செம்பையும் பித்தளையையும் தட்டியும் பற்றவைத்தும் நந்தகோபால் செய்த சிற்பங்களைப் பாருங்கள்: கோயில் கவசம், வாகனம் இவற்றின் முன்முகத் தோரணை, உலோகத் தகட்டை அறிந்த கையின் வழியாகவே நவீனச் சிற்பத்துக்குள் வந்தது. கைவினையை இழிவாகக் கருதும் பள்ளியிலிருந்து அந்தச் சிற்பம் வந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு ஒரே வேலிக்குள் வாழ்பவர்கள் ஒரே மாதிரி வரையத் தொடங்கிவிட மாட்டார்களா? குரு என்ற பெரிய ஆலமரம் வேறு நடுவில் நிற்கிறது. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில், படிக்க முடியாத எழுத்துகளும் ஜாதகக் கட்டம் போன்ற வடிவங்களும் பரப்பை நிறைக்கின்றன. குறியீட்டின் மேலான அந்த மோகம் பலரிடம் ஒட்டிக்கொண்டது உண்மை. ஆனால் அதே கிராமத்தில்தான் சுல்தான் அலி பழங்குடிகளின் தெய்வங்களையும் விலங்குகளையும் வரைந்தார். ஹரிதாசன் தாந்திரிக வடிவங்களுக்குப் போனார். எல்லாவற்றுக்கும் மேலாக, கே. ராமானுஜம். பேச்சு சரியாக வராத, மனம் அலைக்கழிந்த இந்த இளைஞர், மைக்கோடுகளை நெருக்கமாக இழைத்துக் கனவு மாளிகைகளையும் பாம்புகளையும் பறக்கும் உருவங்களையும் வரைந்து, நடுவே தொப்பி அணிந்த தன்னையே நிறுத்தினார். யாருடைய சாயலும் அதில் இல்லை. வேறெந்த நிறுவனத்திலும் அவருக்கு இடம் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சக ஓவியர்கள் அவரை முதன்மையான கலைஞராக எண்ணினார்கள். 1973-இல், முப்பதைச் சற்றே கடந்த வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சக கலைஞர்களின் மதிப்பு ஒருவரை வரைய வைக்கலாம், வாழ வைக்கப் போதுமானதாக எப்போதும் இருப்பதில்லை. என் வாதத்தின் எல்லை அது.

வேறு எல்லைகளும் உண்டு. அர்ணவாஸ், அனிலா ஜேக்கப் என்று பெண் கலைஞர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தோழமையின் வட்டம் பெரும்பாலும் ஆண்களுடையது. விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் அறுபதுகளின் முடிவுக்குள்ளேயே பாரிசுக்குப் போய்விட்டார்கள். இதை முயற்சியின் தோல்வி என்பவர்கள் பம்பாய்க் குழுவை நினைத்துப் பார்க்கலாம்: சூசா 1949-இல் லண்டனுக்கும், ரஸா 1950-இல் பாரிசுக்கும் போக, சில ஆண்டுகளில் குழுவே இல்லாமல் போயிற்று. சோழமண்டலத்தில் ஆள் போனாலும் இடம் நின்றது. 1977-இல் பணிக்கர் மறைந்த பிறகும் நின்றது. நிலம் விலையேறியதால்தான் நின்றது என்று குறும்பாகச் சொல்பவர்களுக்கு ஒரு பதில்: விலையேறிய நிலம் பிடித்து வைப்பதைவிட விற்கத் தூண்டுவதே அதிகம். அங்கே 2009-இல் அவர்கள் எழுப்பியது ஓர் அருங்காட்சியகம். அதன் சுவர்களில் கிராமத்துக்காரர்களின் படைப்புகளோடு, அங்கே ஒருநாளும் குடியிருக்காத மெட்ராஸ் ஓவியர்களின் படைப்புகளும் இருக்கின்றன.