செமர்கோனா விண்கல் சொல்லும் சேதி

செமர்கோனா என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஊர் அது. 1940 அக்டோபரில் அங்கே ஒரு விண்கல் விழுந்தது. மொத்த எடையே 691 கிராம்தான். முக்கால் கிலோகூட இல்லை. ஆனாலும் கோள்கள் பிறந்த கதையை ஆராய்கிறவர்கள் யாரும் இந்தக் கல்லைத் தாண்டிப் போக முடியாது. அப்படி என்ன சிறப்பு?

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1877-இல் இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சார்பி, விண்கற்களை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உள்ளே கடுகு போன்ற உருண்டைகள்! உருகிய துளிகளாக மிதந்து பின்னர் உறைந்தவை இவை என்று முடிவு கட்டினார். இவற்றைக் 'காண்ட்ரூல்' என்கிறோம். சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியனைச் சுற்றி வாயுவும் தூசும் நிறைந்திருந்த காலத்தில் உருவானவை.

ஆனால் ஒரு சிக்கல். இத்தகைய கற்களில் பெரும்பாலானவை பிற்பாடு தம் தாய்க்கோளின் உள்ளே சூடுபட்டு வெந்துபோயின. கதிரியக்க அலுமினியம்-26 தந்த வெப்பம் இதற்கு முக்கியக் காரணம். வெந்த கல்லில் பழைய சாட்சியம் அழிந்துவிடும். 1967-இல் வான் ஷ்மஸ், வுட் இருவரும் வேதி, கனிம மாற்றங்களைக் கொண்டு இக்கற்களை வகைப்படுத்தினார்கள். சாதாரண காண்ட்ரைட்டுகளில் 3-ஆம் வகையே மிகக் குறைவாக வெந்தது. 1980-இல் டெரெக் சியர்ஸ் குழுவினர் அதையும் 3.0 முதல் 3.9 வரை பிரித்தனர். 2005-இல் கிராஸ்மன், பிரியர்லி இருவரும் ஒலிவின் படிகத்திலுள்ள குரோமியத்தை அளவுகோலாக்கினார்கள். லேசாகச் சூடுபட்டாலே அது இடம்பெயர்ந்துவிடும். செமர்கோனாவில் பெயரவில்லை! அதற்குக் கிடைத்த எண் 3.00. தூசுப் பகுதியைத் தண்ணீர் ஓரளவு மாற்றியிருப்பது உண்மை. படிகங்களின் உள்பகுதி அப்படியே இருக்கிறது.

இனிதான் முக்கியமான கட்டம். காண்ட்ரூல் உருக 1500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில், வாயு மெலிந்திருந்தால் சோடியம் ஆவியாகிப் போயிடும். 2008-இல் கோனெல் அலெக்ஸாண்டர் குழுவினர் செமர்கோனாவின் ஒலிவின் படிகங்களின் நடுப்பகுதியிலேயே சோடியத்தைக் கண்டார்கள். குழம்பு ஆறும்போது முதலில் படிவது ஒலிவின்தான். அதன் நடுவிலேயே இருக்கிறதென்றால், சோடியம் போய்விட்டுத் திரும்பி வரவில்லை. போகவே இல்லை என்று அர்த்தம்.

ஏன் போகவில்லை? மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காய்வதில்லை அல்லவா? காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அதுபோல, துளிகள் நெருக்கமாகத் திரண்டிருந்ததால் சுற்றிலும் சோடியம் ஆவி நிறைந்து, மேலும் ஆவியாவதைத் தடுத்திருக்க வேண்டும். அவ்வளவு அடர்ந்த திரள் தன் ஈர்ப்பாலேயே கூடிச் சிறுகோளாகவும் மாறியிருக்கலாம். துளி பிறந்ததும் கோள் பிறந்ததும் அடுத்தடுத்த நிகழ்ச்சிகளாக இருக்கக்கூடும் என்று ஒரு சிட்டிகை சோடியம் சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பல சோதனைகள் கல்லைக் கொஞ்சம் தின்றுவிடுகின்றன. 691 கிராம் வளரப் போவதில்லை. அடுத்த கல் நாம் குடியிருக்கும் ஊரின் வயலிலேயே விழலாம். அப்படி ஒன்று கிடைத்தால் கழுவவோ உடைக்கவோ வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். தண்ணீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், உப்புகள் கரையும். இந்தியாவில் விழும் விண்கற்களின் காப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அங்கே சேர்ப்பிப்பதே நம் கடமை.