எந்த மதிப்பு யார் கையில்?

சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் சேலநாடு, மோகநாடு, முத்துநாடு என மூன்று நாடுகளாக வாழ்ந்ததைச் சேலம் மாவட்டத்துப் பழைய பதிவுகள் சொல்கின்றன. ஊர்த் தகராறு ஊர்த் தலைவரோடு முடியும். முடியாதது நாட்டின் பட்டக்காரரிடம் போகும். சேர்வராயன் கோயில் எல்லாருக்கும் பொது. முதலில் உள்ளே பார், இல்லையென்றால் ஒரு படி வெளியே பார் என்கிற அதே ஒழுங்குதான் இன்று கணினி மொழிகள் ஒரு மாறியின் பெயரைத் தேடுவதிலும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இந்த ஒழுங்கைச் சொல்லும் 'வரையெல்லை' ஒரு தனிப் பாடம். ஏற்காட்டில் படிக்கும் பிள்ளையும் அதில் வரும் நான்கு வரையெல்லைகளை வரிசை பிசகாமல் ஒப்பிக்கிறது. ஆனால் அந்த விதி எந்த அவதியிலிருந்து பிறந்தது என்று தெரியாமல் ஒப்பிப்பதால், நிரல் எழுத உட்கார்ந்ததும் எல்லா மாறிகளையும் பொதுவில் போட்டுவிடுகிறது.

அந்த அவதி ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் தொடங்கியது. 1958இல் வந்த ஃபோர்ட்ரான் II துணைநிரல்களைத் தந்தது. அவை மதிப்புகளைப் பகிர 'காமன்' என்ற பொது இடத்தையும் தந்தது. அன்றைக்கு நினைவகம் அரிய பொருள். 1963இல் கான்பூர் ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 1620 வகைக் கணினியின் அடிப்படை நினைவகமே 20,000 இலக்கங்கள்தான். ஒரே இடத்தைப் பலர் பகிர்வது சிக்கனம். ஆனால் காமனில் பொருந்த வேண்டியது பெயர் அல்ல, வரிசை. ஒரு துணைநிரல் 'எடை, கூலி' என்றும் இன்னொன்று 'கூலி, எடை' என்றும் அறிவித்தால், எடையைக் கூலியாக எடுத்துக்கொண்டு நிரல் ஓடும். கம்பைலர் வாய் திறக்காது. விடை மட்டும் தப்பாக வரும். தப்பு எங்கே என்று பார்க்க, காமனைத் தொடும் அத்தனை துணைநிரல்களையும் புரட்ட வேண்டும். 1960இல் அல்கால் மொழி இதற்கு மாற்று காட்டியது: ஒரு தொகுதிக்குள் அறிவித்த மாறி அந்தத் தொகுதியோடு முடியும். ஆனாலும் உள்ளே இருப்பவர் வெளி மாறியைத் தொட அல்காலும் வழி விட்டது. 1973இல் கணினி அறிவியலாளர்கள் வில்லியம் உல்ஃபும் மேரி ஷாவும் பொதுமாறியே தீங்கு என்று கட்டுரை எழுதும் அளவுக்குச் சிக்கல் நீடித்தது.

பத்து மதிப்புகளைச் செயற்கூறுக்குச் செயற்கூறு சுமப்பதைவிடப் பொதுவில் வைப்பது சுலபம் என்பார்கள். எழுதும் நாளில் அது உண்மை. திருத்தும் நாளில் இல்லை. பத்து மதிப்புகள் சேர்ந்தே பயணம் போகின்றன என்றால் அவை ஒரே கட்டமைப்பில் இருக்க வேண்டியவை. மாறாத மதிப்பு பொதுவில் இருக்கலாமே என்ற வாதத்தை மட்டும் முழுதாக ஏற்கிறேன்: பார்ப்பதில் ஆபத்தில்லை, மாற்றுவதில்தான் ஆபத்து. பைத்தானும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. வெளியே 'மொத்தம் = 0' என்று வைத்துவிட்டு, செயற்கூறுக்குள் அதை அச்சிட்டால் 0 வரும்; அங்கேயே 'மொத்தம் = மொத்தம் + எடை' என்று எழுதினால் பிழை காட்டி நிற்கும். செயற்கூறுக்குள் எங்காவது மதிப்பு வைத்தாலே அந்தப் பெயர் அந்தச் செயற்கூறு முழுவதும் உள் மாறியாகிவிடுகிறது. வெளியே இருப்பதைத்தான் மாற்றப் போகிறேன் என்றால் 'குளோபல்' என்று வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். 1995இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் நேர் எதிர்: அறிவிக்காத பெயருக்கு மதிப்பு வைத்தால் அது தானாகவே பொதுமாறியானது. தொகுதிக்குள் அடங்கும் மாறியை அறிவிக்கும் 'லெட்' அந்த மொழிக்குக் கிடைக்க 2015 ஆயிற்று.

ஆசிரியர்களே, நான்கு வரையெல்லைகளின் பெயரைக் கேட்கும் முன் காமன் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். மாணவர் 'குளோபல்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அந்த மதிப்பை அளபுருவாக அனுப்பித் திருப்பி வாங்க முடியாதா என்று ஒரு முறை கேளுங்கள்.