தமரத்தைப் பழ ஆய்வு: புளிப்பு நீக்கமும் நஞ்சறிதலும் (1563–2015)

முன்னுரை

குறுக்கே அரிந்தால் ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரியும் பழத்தைத் தமிழில் தமரத்தை என்றும் நட்சத்திரப் பழம் என்றும் சொல்கிறோம். தாவரவியல் பெயர் அவெர்ரோவா கேரம்போலா. பிலிம்பியும் இதே பேரினம். இந்தப் பழத்தைப் பற்றிய ஆய்வுகள் நான்கரை நூற்றாண்டுகளாகத் தொடர்கின்றன. பயிர் அறிவியலார் புளிப்பைக் குறைத்துச் சந்தைக்கேற்ற பழத்தை உருவாக்கினர். அந்தப் புளிப்பின் காரணப் பொருள் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை மருத்துவர்கள் பின்னரே தெளிவுபடுத்தினர். இரண்டு ஆய்வு மரபுகளும் நெடுங்காலம் சந்திக்கவே இல்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பெயரும் பதிவும்

ஐரோப்பியர் எழுதிய முதன்மையான தொடக்கப் பதிவு, கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட மருந்துப்பொருள் உரையாடல் நூலில் உள்ளது. அடுத்த நூற்றாண்டில் கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸின் மூன்றாம் தொகுதி இம்மரத்தைப் படத்துடன் ‘தமர டோங்கா’ என்று குறித்தது. தமரத்தங்காய் என்ற சொல்லை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயரின் மூலம் விளங்கும். அம்போன் தீவில் வாழ்ந்த ரும்ஃபியஸ் இதை நட்சத்திரப் பிளம் என்னும் பொருள்பட இலத்தீனில் அழைத்தார். லின்னேயஸ் 1753இல் இன்றுள்ள பெயரை நிலைநிறுத்தினார். பேரினப் பெயர் 12ஆம் நூற்றாண்டு அந்தலூசிய மெய்யியலாளரும் மருத்துவருமான இப்னு ருஷ்தை நினைவுகூர்கிறது. தொட்டால் இலைகள் தாழும் இயல்பை ராபர்ட் புரூஸ் 1785இல் லண்டன் ராயல் கழக இதழில் விவரித்தார். இவை அனைத்தும் மரத்தை அடையாளம் காட்டும் முயற்சிகள். சாகுபடி ஆய்வு இவற்றுக்குப் பின் வந்தது.

பூவும் ரகத்தேர்வும்

சாகுபடி ஆய்வின் முதல் சிக்கல் காய்ப்பு. சில மரங்கள் கொத்துக் கொத்தாகப் பூத்தும் காய் பிடிப்பதில்லை. புளோரிடாவில் ராபர்ட் நைட் 1965இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. தமரத்தையில் நீண்ட சூல்தண்டுள்ள பூக்களைக் கொண்ட மரங்களும் குட்டையான சூல்தண்டுள்ளவையும் உண்டு. ஒருவகையின் மகரந்தம் மற்ற வகைக்குப் போய்ச் சேரும்போதுதான் காய்ப்பு சிறக்கும். ஆகவே, ஒரே ரகத்தை மட்டும் நட்ட தோட்டம் ஏமாற்றிவிடக்கூடும். விதைக்கன்று தாயைப் போல இருக்காது என்பதால் நல்ல ரகத்தை ஒட்டுக்கட்டியே பெருக்க வேண்டியிருந்தது.

அதே 1965இல் புளோரிடாவின் ஹோம்ஸ்டெட் ஆய்வு நிலையம் ‘கோல்டன் ஸ்டார்’ ரகத்தைத் தேர்ந்து பெயரிட்டது. ஹவாயிலிருந்து வந்த விதையில் முளைத்த மரம் அது. தனி மரமாக நின்றும் காய்க்கக்கூடியது. மலேசிய விதையிலிருந்து கிடைத்த ‘ஆர்க்கின்’ இனிப்பில் அதை விஞ்சிப் பின்னர் புளோரிடாவின் முதன்மை ரகமானது. மலேசியாவில் வேளாண் துறை பதிவு செய்த பி10, பி17 போன்ற ரகங்கள் ஏற்றுமதிக்கு வழி திறந்தன. 1982இல் வில்சன், ஷா, நைட் ஆகியோர் பழத்தின் ஆக்ஸாலிக் அமிலத்தை நவீனப் பகுப்பாய்வுக் கருவியால் அளந்தனர். புளிப்பு ரகங்களின் புளிப்புக்கு இந்த அமிலமே பெரும் காரணம். பித்தளைப் பாத்திரத்தின் களிம்பையும் துணியில் பட்ட துருக்கறையையும் இப்பழத்தின் சாறு போக்குவது இதே அமிலத்தால்தான். ஆனால் இந்த அமில அளவீடு அன்று சுவைக்கான அளவுகோலாகவே பயன்பட்டது.

பூச்சியும் குளிரும்

சந்தை விரிந்தபோது பழ ஈ தடையானது. மலேசியத் தோட்டங்களில் பிஞ்சுகளை ஒவ்வொன்றாகக் காகித உறையிட்டுக் காத்தனர். 1975இல் சுரிநாமின் பாராமரிபோவில் பிடிபட்ட ஒரு பழ ஈ, பல ஆண்டுகள் கழித்தே ஆசிய வகை என அடையாளம் காணப்பட்டது. 1994இல் அது தனி இனமாக விவரிக்கப்பட்டு, பாக்ட்ரோசெரா கேராம்போலே என இப்பழத்தின் பெயரையே பெற்றது. புளோரிடாவில் கரீபியப் பழ ஈயை அழிக்கப் பழத்தை 1.1 டிகிரி செல்சியஸில் 15 நாள் வைக்கும் முறையை 1990இல் கோல்டும் ஷார்ப்பும் வெளியிட்டனர்.

பறித்த பின் பழத்தின் நிறம் மஞ்சளாகும்; இனிப்பு பெரிதாக அதிகரிக்காது. முற்றாத காயைப் பறித்துவிட்டுப் பழுக்கக் காத்திருப்பதில் பயனில்லை. விளிம்புகள் உரசினால் பழுப்பாகிவிடும் என்பதால் பெட்டியில் அடுக்குவதிலும் கவனம் தேவை. அரிந்த துண்டுகள் நொதிச் செயலால் கறுப்பதைத் தடுக்க, சிட்ரிக், அஸ்கார்பிக் அமிலங்கள் கலந்த நீரில் நனைக்கும் வழியை 1997இல் புளோரிடா ஆய்வாளர்கள் காட்டினர்.

நஞ்சறிதல்

1980இல் மலேசிய மருத்துவ இதழ் ஒன்று, பழச்சாற்றின் பாதிப்பை எலிகளில் காட்டியது. அதை உழவியலார் கவனித்ததாகத் தெரியவில்லை. 1993இல் பிரேசில் மருத்துவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு இப்பழம் உண்டபின் அடங்காத விக்கல் வருவதைப் பதிந்தனர். 2000இல் தைவானில் வெளியான ஆய்வில் பாதிக்கப்பட்ட 20 பேரில் 8 பேர் இறந்திருந்தனர். 2003இல் பிரேசிலின் ரிபெய்ராவோ பிரேட்டோ நகர மருத்துவர்கள் 32 நோயாளிகளை ஆராய்ந்து, உடனடி ரத்த டயாலிசிஸே உயிர் காக்கிறது என்றனர். விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்ற வரிசைக்கான பொருளை அதே நகரின் சாவோ பாலோ பல்கலைக்கழக வளாகத்தார் 2013இல் அடையாளம் கண்டு, கேராம்பாக்ஸின் எனப் பெயரிட்டனர். அது மூளை நரம்புகளைத் தூண்டும் அமினோ அமிலம். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும்; பழுதான சிறுநீரகத்தால் முடியாது.

ஆக்ஸாலிக் அமிலத்தின் பங்கு வேறு. அது கால்சியத்துடன் சேர்ந்து படிகமாகிச் சிறுநீரக நுண்குழாய்களை அடைக்கும். தைவானிலிருந்து 2001இலும் கண்டியிலிருந்து 2015இலும் வந்த நோயாளி அறிக்கைகள் இதை உறுதிசெய்தன. கண்டி அறிக்கை, பெருமளவில் ஒரே நேரம் உண்பதையும் நீண்டகாலம் தொடர்ந்து உண்பதையும் ஆபத்து எனக் காட்டுகிறது.

முடிவுரை

சுவைக்காக அளந்த அமிலமும் சிறுநீரகத்தை அடைத்த அமிலமும் ஒன்றே. இனிப்பு ரகத்தில் ஆக்ஸாலிக் அமிலம் குறைகிறது. ஆனால் கேராம்பாக்ஸினை நாவின் சுவை கண்டுபிடிக்காது. எனவே புதிய ரகத்தை வெளியிடும் நிலையங்கள் விளைச்சல், இனிப்பு, தாங்குதிறன் ஆகியவற்றோடு இவ்விரு பொருள்களின் அளவையும் குறிப்பிட வேண்டும். பழமாகவும் ஊறுகாயாகவும் அளவோடு உண்ணும் ஆரோக்கியமானவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் சாற்றைக் குடம் குடமாகக் குடிப்பது யாருக்கும் வேண்டாம். சிறுநீரக நோயாளிகள் தமரத்தையை ஒரு துண்டு கூட உண்ணக்கூடாது.