லிவர்ப்பூல் நகரின் வேல்ஸ் தெருக்கள்

இங்கிலாந்தின் துறைமுக நகராகிய லிவர்ப்பூலின் தென்பாகத்திலே, பிறின்ஸஸ் பூங்காவுக்கு அணித்தாக, வேல்ஸ் தெருக்கள் எனப் பெயர்பெற்ற தெருத்தொகுதியொன்று உளது. மட்றின், பவிஸ், கின்மெல் என்னும் அத்தெருப் பெயர்கள் ஆங்கிலப் பெயர்களல்ல. வேல்ஸ் நாட்டுப் பெயர்கள். பிழைப்பின் பொருட்டு வந்த வேல்ஸ் மக்கள் பெயர்களையும் உடன்கொண்டு வந்தனர் போலும்.

விக்ரோறியா மகாராணி காலத்து லிவர்ப்பூல் செல்வம் மிக்கது; ஆயினும் அதன் ஏழைகள் நிலவறைகளிலும் காற்றோட்டமற்ற முடுக்குகளிலும் நெருங்கி வாழ்ந்தனர். பிரித்தானியாவின் முதலாவது நகரச் சுகாதார வைத்திய அதிகாரியாக டாக்டர் டங்கன் என்பார் 1847ஆம் ஆண்டில் இந்நகரிலேயே நியமனம் பெற்றமை, நோயின் கொடுமையை உணர்த்தும். அந்நிலவறைகளை அறிந்தார்க்கே 1870ஆம் ஆண்டுகளில் எழுந்த இத்தொடர்வீடுகளின் அருமை புலனாகும். அவற்றை வகுத்தவர் றிச்சாட் ஓவன்ஸ் என்னும் வேல்ஸ் சிற்பி. கட்டியோரும் பெரும்பாலும் அந்நாட்டவரே. இரு வீடுகளுக்கு இடையே ஒரே சுவர்; அதனாற் செங்கல் மிஞ்சும், குளிர்காலத்தில் வெப்பமும் தங்கும். முன்கதவு தெருவை நோக்கும். பின்புறத்தே சிறு முற்றமும் ஒழுங்கையும் அமையும்.

துறைமுகத் தொழில் நலிந்தபின் இப்பகுதியும் நலிந்தது. 2002இல் அரசாங்கம் வகுத்த வீடமைப்புத் திட்டத்தின்கீழ் இவற்றை இடிக்கக் கருதினர். குடிகள் வெளியேற்றப்பட, கதவுகளும் யன்னல்களும் பலகையடித்து மூடப்பட்டன. ஈரம் கசியும் பழைய வீட்டை விட்டுப் புதுவீடு பெற விரும்பியோரும் அங்கிருந்தனர். அவர் விருப்பத்தை அறியாமை என ஒதுக்குதல் நியாயமன்று. ஏனையோரோ பழமை பேணும் சங்கத்தாருடன் சேர்ந்து பல்லாண்டு எதிர்த்தனர். 2015 சனவரியில், ஏறக்குறைய 440 வீடுகளை இடிக்கும் திட்டத்தை அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் நிராகரித்தார்.

அம்முடிவுக்கு ஒரு காரணம் சிந்திக்கத்தக்கது. பீற்றில்ஸ் இசைக்குழுவினருள் ஒருவரான றிங்கோ ஸ்ரார் 1940இல் மட்றின் தெரு 9ஆம் இலக்க வீட்டிற் பிறந்தவர். அவர் அங்கு வாழ்ந்தது குழந்தைப் பருவத்தின் முதற் சில ஆண்டுகளே. எனினும், பெயர் அறியப்படாத நூற்றுக்கணக்கான கொத்தர், தச்சரின் உழைப்பினும் அவ்வொரு பிறப்பே பொதுமக்கள் கண்ணிற் பெரிதாகத் தோன்றிற்று.

2017 முதல் வீடுகள் திருத்தப்பட்டன. சிலவிடங்களில் இரண்டு வீடுகள் ஒன்றாக்கப்பட்டன. பின்னொழுங்கைகள் பொதுத் தோட்டங்களாயின. முன்பு பலகையடித்து மூடிய வீடுகளில் வாடகைக் குடிகள் புகுந்தனர்.